கிப்லா காட்டும் செயலி, நம் இருப்பிடத்தை யாருக்குக் காட்டுகிறது?

கடந்த ரமளானில் ஒருநாள் தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் செல்போனை என்னிடம் நீட்டினார். பாங்கு சொல்லும் செயலி ஒன்று திரையில் அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தது. உங்கள் இருப்பிடத்தை எல்லா நேரமும் அறிந்துகொள்ளலாமா என்பது கேள்வி.

"ஹள்ரத், பேரன்தான் போட்டுக் கொடுத்தான். பாங்கு நல்லா சொல்லுது. ஆனா எப்பப் பார்த்தாலும் இதையே கேட்டுக்கிட்டு இருக்கு. சரின்னு அமுக்கட்டுமா, வேண்டாமா?" என்றார்.

"இப்போதைக்கு வேண்டாம்னு அமுக்குங்க வாப்பா, விவரமா பிறகு சொல்றேன்" என்றேன். அந்த விவரம்தான் இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் தொழுகை நேரச் செயலி இல்லாத செல்போன் அரிது. அதனால் அவர் கேட்ட கேள்வி நம் எல்லோருக்கும் உரியது.

2020இல் வெளிவந்த செய்தி

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு என்ற செய்தித் தளம் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 'முஸ்லிம் புரோ' என்ற தொழுகை நேரச் செயலி, பயனாளர்களின் இருப்பிடத் தகவலை 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது என்பதே செய்தி. எக்ஸ்-மோட் அத்தகைய தகவல்களைத் திரட்டி விற்கும் நிறுவனம். அதை வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனங்களும் இருந்தன.

செயலி அனுப்பியது இருப்பிடம் மட்டும் அல்ல. செல்போன் இணைந்திருந்த வைஃபையின் பெயர், நேரம், செல்போனின் மாடல் ஆகியவையும் சேர்ந்தே போயின. செயலியை நடத்திய சிங்கப்பூர் நிறுவனம், ராணுவத்துக்குத் தாங்கள் தகவல் விற்றதாகச் சொல்வது தவறு என்று மறுத்தது. ஆனால் எக்ஸ்-மோட் உள்ளிட்ட எல்லாத் தகவல் கூட்டாளிகளுடனும் உறவை உடனடியாக முறித்துக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் விசாரணையில் இறங்கியது.

இந்த இரண்டையும் நியாயமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். செயலி நேரடியாக ராணுவத்துக்கு விற்கவில்லை என்பது சரியாகவே இருக்கலாம். தகவல் கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேரும் என்பது அதைக் கொடுத்த செயலியின் கட்டுப்பாட்டிலும் இல்லை, பயனாளரின் அறிவிலும் இல்லை. சிக்கலே அதுதான்.

அத்துடன் முடியவில்லை

அடுத்த மாதமே, 2020 டிசம்பரில், ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் நிரல் துண்டைத் தங்கள் செயலிகளிலிருந்து நீக்கும்படி உருவாக்குநர்களுக்குக் கெடு விதித்தன. ஆப்பிள் 2 வாரமும் கூகுள் 7 நாளும் கொடுத்தன.

2021 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற தொழுகை நேரச் செயலி, பிரான்ஸைச் சேர்ந்த பிரெடிசியோ என்ற நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவலை விற்றுவந்தது தெரியவந்தது. ஆண்ட்ராய்டில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட செயலி அது.

2022 ஏப்ரலில் மூன்றாவது செய்தி. மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் நிரல் துண்டு பல செயலிகளில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவற்றில் தொழுகைச் செயலிகள் இருந்தன. வானிலை பார்க்கும் செயலியும், கியூஆர் கோடு படிக்கும் செயலியும் இருந்தன. தொலைபேசி எண், இருப்பிடம் போன்றவற்றை அந்த நிரல் சேகரித்தது. கூகுள் அந்தச் செயலிகளைத் தன் பிளே ஸ்டோரிலிருந்து அகற்றியது. நிரலை நீக்கிய பிறகே அவை திரும்பி வர முடிந்தது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், எக்ஸ்-மோட் மீதும் அதன் பின்வந்த அவுட்லாஜிக் நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுத்தது. அந்தரங்கம் மிகுந்த இடங்கள் சார்ந்த இருப்பிடத் தகவலை அவர்கள் பகிரவும் விற்கவும் தடை விதித்தது. இத்தகைய தடை அந்த ஆணையத்தின் வரலாற்றில் முதல் முறை. அந்தரங்கம் மிகுந்த இடங்கள் என்று ஆணையம் கருதியவற்றில் மருத்துவமனைகள் இருந்தன, கொடுமைக்கு ஆளான பெண்களுக்கான காப்பகங்கள் இருந்தன, வழிபாட்டுத் தலங்களும் இருந்தன.

ஆக, இது முஸ்லிம்களை மட்டும் குறிவைத்த ஒரு சதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எல்லாருடைய தகவலையும் விற்கும் ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குள் நம் தொழுகைச் செயலியும் போய் நின்றது. ஆனால் வானிலைச் செயலியின் பயனாளர் பட்டியலைப் பார்த்தால் அவர்கள் யார் என்று தெரியாது. தொழுகைச் செயலியின் பயனாளர் பட்டியல் அப்படியல்ல. பட்டியலில் இருப்பதே அவர் முஸ்லிம் என்று சொல்லிவிடும். நமக்குள்ள கூடுதல் கவலை இதுதான்.

தகவல் வெளியே போகும் வழி

ஒரு செயலியை உருவாக்குபவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட ஒருவரிடமிருந்து, வரைபடம் காட்ட இன்னொருவரிடமிருந்து என்று ஆயத்த நிரல் துண்டுகளை வாங்கிச் சேர்க்கிறார். எஸ்டிகே என்று சொல்வது இதைத்தான். சில நிறுவனங்கள், 'எங்கள் எஸ்டிகேயைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பயனாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதாமாதம் பணம் தருகிறோம்' என்று உருவாக்குநரை அணுகுகின்றன. இலவசச் செயலியை நடத்துபவருக்கு அது நல்ல வருமானம். செயலிக்கு நாம் கொடுக்கும் இருப்பிட அனுமதி, உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்தத் துண்டுக்கும் சேர்த்தே கிடைத்துவிடுகிறது. வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்தோம், அவர் பின்னாலேயே நமக்குத் தெரியாத ஒருவரும் உள்ளே வந்துவிட்டார் என்பது போல.

இன்னொரு வழி விளம்பரம். ஒவ்வொரு செல்போனுக்கும் விளம்பர அடையாள எண் ஒன்று உண்டு. செயலியைத் திறக்கும்போது விளம்பர இடம் ஒரு நொடிக்குள் ஏலத்துக்குப் போகிறது. யாருக்கு இந்த விளம்பரம் போகப்போகிறது என்று ஏலம் கேட்பவர்களுக்குச் சொல்ல, அந்த எண், எந்தச் செயலி, ஏறத்தாழ எந்த இடம் ஆகியவை அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விளம்பரம் போடும் எண்ணமே இல்லாமல், தகவலைத் திரட்டுவதற்காகவே ஏலத்தில் உட்காருபவர்களும் உண்டு.

இப்படித் திரட்டி விற்பவர்கள் தரவுத் தரகர்கள். நிலத் தரகரை நமக்குத் தெரியும், அவர் நம் வாசலுக்கு வருவார். இந்தத் தரகரை நாம் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

'பெயர்தான் இல்லையே' என்ற சமாதானம்

எங்களிடம் பெயர் இல்லை, வெறும் எண்தான் இருக்கிறது என்று இந்த நிறுவனங்கள் சொல்வது வழக்கம். அதை அப்படியே ஏற்க முடியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் நகர்வுகளை எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்ற 4 குறிப்புகள் கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று அது காட்டியது.

நம் அன்றாடத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இரவு முழுக்க ஒரு செல்போன் ஒரே வீட்டில் இருக்கிறது. சுப்ஹு நேரத்தில் அடுத்த தெருப் பள்ளிவாசலுக்குப் போகிறது. 9 மணிக்கு ஒரு கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறது. வெள்ளிக்கிழமை மதியம் மீண்டும் பள்ளிவாசல். அந்த வீட்டில் இருப்பவர்களில் அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் யார் என்று தெருவில் ஒரு சிறுவனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். பெயர் தேவைப்படவே இல்லை.

2021இல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ மூத்த மதகுரு பதவி விலக நேர்ந்தது. சந்தையில் கிடைத்த, பெயர் நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட செயலித் தகவலை வைத்து, ஒரு செய்தி இதழ் அவருடைய போக்குவரத்தை அடையாளம் கண்டு வெளியிட்டுவிட்டது. அவர் செய்தது சரியா தவறா என்பது நம் பேச்சு அல்ல. அந்தத் தகவல் ஒரு தனி மனிதரை நோக்கித் திருப்பப்பட முடியும் என்பதற்கு அது சான்று.

தொழுகை நேரத்துக்கு எவ்வளவு தகவல் தேவை?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தொழுகை நேரம் சூரியனின் நிலையைப் பொறுத்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது 1 பாகைக்கு 4 நிமிடம். தமிழகம் இருக்கும் அட்சத்தில் 1 பாகை தீர்க்கம் என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். ஆகவே கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 27 கிலோமீட்டர் போனால்தான் லுஹர் நேரம் 1 நிமிடம் மாறும். சென்னைக்கும் கோவைக்கும் இடையே சூரியன் உச்சி சாயும் நேரத்தில் உள்ள வேறுபாடே ஏறத்தாழ 13 நிமிடம்தான்.

இதன் பொருள் என்ன? செயலிக்கு நம் ஊரின் பெயர் தெரிந்தால் போதும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கடை என்பது தொழுகை நேரத்தை ஒரு நொடிகூட உருப்படியாகத் திருத்தாது. நேரத்தை உண்மையில் மாற்றுபவை வேறு. அஸருக்கு ஷாஃபிஈ மத்ஹபின்படி நிழல் ஒரு மடங்கா, ஹனஃபி மத்ஹபின்படி இரு மடங்கா என்பது ஒன்று. சுப்ஹுக்கும் இஷாவுக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை என்று வைக்கிறோம் என்பது இன்னொன்று. இவை இரண்டும் நாம் செட்டிங்ஸில் ஒருமுறை தேர்ந்தெடுப்பவை. அதற்கு எந்தக் கண்காணிப்பும் வேண்டியதில்லை.

கிப்லாவும் அப்படியே. சென்னையில் கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கிறது. திருநெல்வேலியில் ஏறத்தாழ 24 பாகை. ஓர் ஊருக்குள் இது மாறப்போவதில்லை. திசையைக் காட்டுவது செல்போனுக்குள் இருக்கும் காந்த உணரி. அதற்கு இணையமும் தேவையில்லை.

பயணத்தில் இருப்பவருக்கு மட்டும் ஊர் மாறும். அவர் அந்த நேரத்தில் ஒருமுறை அனுமதி கொடுக்கலாம், அல்லது ஊர்ப் பெயரைத் தாமே தட்டிக்கொள்ளலாம். உள்ளூரில் இருப்பவருக்குப் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையே இன்றும் போதுமானது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த எஸ்டிகேயும் குறுக்கே வராது.

'மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?'

இளைஞர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். "தொழப் போறது தெரிஞ்சா தெரியட்டுமே ஹள்ரத், அதுல என்ன வெட்கம்?" என்று ஒரு மாணவர் கேட்டார். வெட்கம் எதுவும் இல்லை. பள்ளிவாசலுக்குத் தெருவில் நடந்துதான் போகிறோம், ஒளிந்து போகவில்லை. ஆனால் தெருவில் பார்ப்பவர் அந்த ஒரு நாளைப் பார்க்கிறார். செயலி ஆண்டு முழுவதையும் பார்க்கிறது, எழுதி வைக்கிறது, விற்கிறது. எந்த மருத்துவரிடம் போனோம், எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டோம், யார் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதெல்லாம் அந்த ஏட்டில் ஏறுகிறது.

அந்தரங்கம் என்பது பாவத்தை மறைக்கும் திரை என்று மார்க்கம் பார்க்கவில்லை. சூரா அந்நூர் 27, 28ஆம் வசனங்கள், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழைவதைத் தடுக்கின்றன. திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. வீட்டார் தவறு செய்கிறார்களா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. அதே சூராவின் 58ஆம் வசனம், சொந்த வீட்டுச் சிறுவர்கள்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. சூரா அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடை செய்கிறது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவிடுக்கு வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் அவர்கள் கண்டித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். காலடி உள்ளே வராவிட்டாலும், கண் உள்ளே வந்தால் அதுவும் நுழைவுதான். இன்றைய கண் நம் சட்டைப் பையில் இருக்கிறது.

மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்கவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பதும் நபிமொழி கற்றுத்தரும் ஒழுக்கம். பெரியவரின் செல்போனில் இருந்த செயலியோ, இல்லை என்று சொன்ன பிறகும் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் சலித்துப்போய்ச் சரி என்று அமுக்கியிருந்தால் அதை மனமுவந்த சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்த உரிமையை அரசு குறைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய அளவில் தலையிடக் கூடாது என்ற அளவுகோல்கள் அந்தத் தீர்ப்பிலிருந்தே வருகின்றன.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதங்கள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். குடும்பங்கள் அறிய வேண்டிய அம்சங்கள் இவை:

1. சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் தெரிந்தும் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று செல்போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனாளர் சம்மதித்துவிட்டாலும், மருத்துவ ஆலோசனைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது.

2. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் 8ஆவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். தமிழும் அதில் உண்டு.

3. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

4. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு.

5. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கப்பட வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் பொதுவாகத் தடை உண்டு.

6. வெளிநாட்டு நிறுவனமானாலும், இந்தியாவில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கினால் சட்டம் அதற்கும் பொருந்தும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு 17ஆவது பிரிவு விரிவான அதிகாரம் தருகிறது. நிறுவனத்திடமிருந்து காக்கும் அளவுக்கு, அரசிடமிருந்து இந்தச் சட்டம் காக்காது. அங்கே நமக்குத் துணை 2017 தீர்ப்புதான்.

இலங்கை வாசகர்களுக்கு: அங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

செல்போனில் இன்றே செய்யக்கூடியவை

இதற்கு அரை மணி நேரம் போதும். இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றாகச் செய்தால் இன்னும் நல்லது. உம்மாவின் செல்போனையும் பெரியம்மாவின் செல்போனையும் விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் அவற்றில்தான் எல்லா அனுமதியும் திறந்து கிடக்கும்.

ஆண்ட்ராய்டு செல்போனில் செட்டிங்ஸ் திறந்து லொகேஷன் பகுதிக்குப் போங்கள். எந்தெந்தச் செயலிக்கு எப்போதும் அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். தொழுகைச் செயலிக்கு, 'பயன்படுத்தும்போது மட்டும்' அல்லது 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லியமான இருப்பிடத்தை அணைத்துவிட்டுத் தோராயமான இருப்பிடம் மட்டும் கொடுக்கும் வசதி உண்டு. தொழுகை நேரத்துக்கு அது தாராளம். செயலியில் ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், அனுமதியை முழுவதுமாகவே மறுத்துவிடலாம்.

அதே செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் விளம்பரங்கள் என்ற இடம் இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். இதனால் விளம்பரம் வருவது நிற்காது. ஆனால் பல செயலிகளின் தகவலை ஒரே ஆளோடு கோக்கும் நூல் அறுந்துவிடும்.

ஐபோனில் பிரைவசி பகுதியில் லொகேஷன் சர்வீசஸ் திறந்து, செயலியைத் தேர்ந்தெடுத்து, துல்லிய இருப்பிடத்தை அணைக்கலாம். டிராக்கிங் என்ற பகுதியில், செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதையே மொத்தமாக நிறுத்தலாம்.

புதிய செயலி போடுவதற்கு முன், பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் அது என்னென்ன தகவலைச் சேகரிக்கிறது என்ற பகுதியைப் படியுங்கள். அது உருவாக்குநர் தாமே சொல்வதுதான், முழு உத்தரவாதம் அல்ல. ஆனால் தொழுகைச் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் மைக்கையும் கேட்கிறது என்று அங்கேயே தெரிந்தால், வேறொன்றைத் தேடலாம். விளம்பரமே இல்லாத, இணையம் இல்லாமல் இயங்கும் செயலிகள் இருக்கின்றன. கட்டணம் கேட்கும் நல்ல செயலிக்குச் சிறு தொகை கொடுப்பதும் வீண் செலவு அல்ல. அதை நடத்துபவருக்கும் வாழ்வாதாரம் வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அதை யாரோ ஒருவர் வேறு நோக்கத்தோடு கொடுக்கிறார்.

பயன்படுத்தாத செயலியை நீக்கிவிடுங்கள். ரமளானுக்காகப் போட்ட மூன்று செயலிகள் துல்ஹஜ் வரை செல்போனில் கிடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

நம் ஜமாஅத்தும் நம் வாட்ஸ்அப் குழுவும்

பிறரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். நம் வீட்டுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

ஜகாத் உதவி கேட்டு வருபவரின் ஆதார் நகல், ரேஷன் அட்டை, கைம்பெண் சான்று ஆகியவற்றை ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். நிர்வாகிகள் குழுவில் போடுகிறார். அங்கே 40 பேர் இருக்கிறார்கள். ஒருவர் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறார். உதவி 2,000 ரூபாய். அந்தச் சகோதரியின் வறுமை எத்தனை செல்போனில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது? உதவி வழங்கும் படத்தில் அவர் முகம் தெரிய நிற்க வைப்பதும் இதில் சேர்ந்ததே.

நிக்காஹ் தகவல் குழுக்களும் அப்படித்தான். பெண்பிள்ளையின் புகைப்படம், பிறந்த தேதி, வாப்பாவின் எண், வீட்டு முகவரி எல்லாம் ஒரே பக்கத்தில் போடப்படுகின்றன. 2021இலும் 2022 தொடக்கத்திலும் முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து, ஏலம் விடுவது போல் இழிவுபடுத்திய இணையச் செயலிகளின் கொடுமையை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் நம் பிள்ளைகளின் படத்தை முன்பின் தெரியாத 200 பேர் உள்ள குழுவில் நாமே போடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னால் அந்தப் பேச்சே அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த சமுதாயம் இது. ஆதார் நகலை நம்பிக் கொடுத்தவர் அதைவிடப் பெரிய அமானிதத்தை நம் கையில் தந்திருக்கிறார்.

ஜமாஅத் நிர்வாகிகள் சில எளிய முறைகளைக் கொண்டுவரலாம். மனுக்களை இருவர் அல்லது மூவர் மட்டும் பார்க்கட்டும். ஆதாரின் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகல் அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது, அதையே கேட்கட்டும். முடிவெடுத்த பிறகு படங்களை அழிக்கட்டும். கணக்கு காட்டும்போது பெயருக்குப் பதில் எண்ணிக்கை போதும். நிக்காஹ் விவரத்தில் முதலில் படிப்பு, வயது, ஊர் மட்டும் இருக்கட்டும். படம், இரு வீட்டாரும் பேசிய பிறகு கைக்குக் கை போகட்டும்.

முடிவாக

அந்தப் பெரியவருக்கு மறுவாரம் பதில் சொன்னேன். செயலியை நீக்கச் சொல்லவில்லை. பாங்கு கேட்டு எழும் பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது, அதைக் கெடுப்பானேன்? இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் தட்டிக் கொடுத்தோம். மறுநாள் சுப்ஹுக்குப் பாங்கு அதே நிமிடத்தில் ஒலித்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பேரனின் செல்போனையும் கொண்டுவந்தார். அதில் 14 செயலிகளுக்கு எப்போதும் இருப்பிட அனுமதி திறந்திருந்தது.

தொழில்நுட்பத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு அதன் பின்னால் போகவும் வேண்டியதில்லை. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற மூன்று கேள்விகளை நம் வாசலில் நிற்பவரிடம் கேட்கிறோம். செல்போனிடமும் கேட்கப் பழகுவோம், பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.

நம் வீடுகளின் கண்ணியத்தையும், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.